அறுப்பின் பண்டிகையில் என் டெத் மெட்டல் ஆல்பம்

நான் பாடினால் ஒரு சொல்கூட யாருக்கும் விளங்காது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

டெத் மெட்டல் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல், மூச்சு விடாமல் ஓடுகிற டிரம்ஸ், தடித்த கம்பியில் அறுக்கிற கிட்டார். அதிலும் நாங்கள் செய்வது டெக்னிக்கல் வகை. நாலு நாலாக எண்ணித் தலையாட்ட முடியாது. ஒரு வரி ஏழு தட்டில் போகும், அடுத்த வரி பதினொன்றில் போகும். நடுவில் மெல்லிய கிட்டார் மட்டும் தனியாக வரும், சரி முடிந்தது என்று நினைத்தால் மறுபடியும் தலையில் இடி விழும். ஒரு பாட்டு ஒன்பது நிமிடம். இதெல்லாம் பாட்டா என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. என் சித்தி ஒருத்தி உண்மையாகவே கவலைப்பட்டு, "தொண்டையில சளியா? டாக்டர்கிட்ட காட்டுனியா?" என்று கேட்டாள். ஒரு பொம்பளைப் பிள்ளை இப்படிக் கத்தலாமா என்பது அடுத்த கேள்வி. கத்தலாம், தாராளமாகக் கத்தலாம். மூச்சை எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று முறையாகப் பழகினால் தொண்டைக்கு ஒன்றும் ஆகாது. நான் எட்டு வருடமாகக் கத்துகிறேன், இதுவரை இருமல் மருந்துகூட வாங்கியதில்லை.

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடித்த பிறகு எங்களுக்கெல்லாம் பக்கத்திலேயே ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், சின்னச் சின்ன வீடு கிடைத்தது. எனக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. வாரக் கடைசியில் அப்பாவைப் பார்க்க வருவேன். அம்மா முன்பே போய்விட்டார். அப்பா போன வருடம் காலமானார். அவர் இருந்தவரை இதை எழுத என்னால் முடிந்திருக்காது. இதில் வருகிற இன்னொருவர், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், இன்னும் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "எழுதிக்க" என்றார்.

பதினேழு வயதில் பஸ்ஸில் வரும்போது ஒரு தோழி தன் இயர்போனில் ஒன்றை என் காதில் மாட்டினாள். அதுதான் நான் கேட்ட முதல் டெத் மெட்டல் ஆல்பம். என்னைப் பயமுறுத்தத்தான் மாட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் பயத்தால் இல்லை. சின்ன வயதிலிருந்து என் தொண்டையில் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. சர்ச்சில் பாட வாயைத் திறந்தால் குரல் வராது, பாடகர் குழுவிலிருந்து இரண்டு முறை என்னை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆல்பத்தில் பாடியவனோ எனக்கு அடைத்திருந்த அதே இடத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தான். பஸ் எங்கள் தாமானைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் இசைக்குழு என்று பெருமையாகச் சொல்வேன், ஆனால் இருப்பது இரண்டே பேர். கிட்டார், பேஸ் எல்லாம் வாசிப்பவன் என்னோடு வேலை பார்த்தவன், இப்போது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கோயிலுக்குப் போய் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பதின்மூன்று தட்டில் கிட்டார் ரிஃப் எழுதுவான். டிரம்ஸ் வாசிக்க வந்த இரண்டு பேரும் மூன்றாவது வாரத்தில் ஓடிவிட்டார்கள். அதனால் ஒவ்வோர் அடியையும் அவனே கம்ப்யூட்டரில் எழுதினான். அவன் வீட்டு மாடியறையில் சுவருக்குப் பழைய மெத்தைகளைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழியப் பதிவு செய்தோம். ஆறு பாட்டுக்கு மூன்று வருடம் ஆனது.

அந்த ஆறாவது பாட்டுதான் விஷயம். அதை நாங்கள் இப்போது பாடுவதில்லை.

அது என்ன பாட்டு என்று சொல்ல, எனக்குத் தெரிந்திருந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு ஆறு வயது. அப்பா செம்பனைக் குலை ஏற்றுகிற தோட்டத்து லோரியின் ஓட்டுநர். அம்மா வேலைக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அப்பா லோரியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுவார். எங்கள் பக்கத்து நிலம் தட்டை. வாய்க்கால் பாலத்தில் ஏறுகிற இடத்தில் மட்டும் மண்ணைக் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். ஒருநாள் காலை அந்த மேட்டில் லோரி பின்னால் வந்தது. குலை ஏற்றுகிற மாமா ஒருவர் பின்னால் நின்றிருந்தார். லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. ரத்த சொந்தம் இல்லை, ஆனாலும் மாமாதான். லோரி அவர்மேல் ஏறிவிட்டது. அங்கேயே போய்விட்டார்.

அவர் குடித்துவிட்டு லோரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தார் என்று விசாரணையை முடித்தார்கள். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் அதையே எழுதிக் கொடுத்தார், தோட்டம் முழுக்க அதையே பேசியது. ஆனால் நான் பார்த்திருந்தேன். லோரிக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் விழுந்து கிடக்கவில்லை. குனிந்து, குலையிலிருந்து சிந்திய உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். கோணியில் ஒரு கை, தரையில் ஒரு கை. அந்த முதுகு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

ஆக, அப்பா பார்க்காமல் லோரியைப் பின்னால் எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு, செத்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்திருக்கிறார். எனக்கு விவரம் தெரிந்த நாள்முதல் இதுதான் எனக்குத் தெரிந்த உண்மை. மாமாவின் மனைவிதான் நான் சொன்ன அத்தை. பிள்ளை இல்லை. அன்றிலிருந்து அவருக்குக் 'குடிகாரன் பொண்டாட்டி' என்று பேர் விழுந்தது. தாமானுக்கு வந்த பிறகும் அந்தப் பேர் கூடவே வந்தது. இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தார். அவர் வீட்டுக் கூரை ஒழுகினால் அப்பா ஏறுவார், கேஸ் தீர்ந்தால் அப்பா தூக்கிக்கொண்டு போவார், ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் காரில்தான் அத்தை சர்ச்சுக்கு வருவார். குற்ற உணர்ச்சி, வேறென்ன என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அப்பா ஜெபம் செய்யக் கண்ணை மூடும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று மனதுக்குள் கத்துவேன். ஆனால் நேரே கேட்கத் தைரியம் இருந்ததில்லை. அதனால் பாட்டாக எழுதினேன்:

கண்ணாடியில் குனிந்த முதுகு,
கையில் உதிரிப் பழம்.
பார்க்காத கண்ணே,
பொய் சொன்ன நாக்கே,
செத்தவன் வாயில் சாராயம் ஊற்றியவனே.

இதை உறுமினால் ஒரு நாய்க்குக்கூட விளங்காது. ஒன்பது நிமிடம் அப்பாவைத் திட்டினேன், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? பதிவு செய்த அன்று கீழே இறங்கி வந்து ஒரு முழு நாசி லெமாக் சாப்பிட்டேன்.

பாட்டின் நடுவே ஓர் இடம் இருக்கிறது. எல்லாம் நின்று, ஒரே ஒரு கிட்டார் சுரம் உச்சத்தில் நீளமாக மூன்று தடவை வரும். அதற்குப் பிறகுதான் எல்லாம் சரிந்து விழும். அது என் யோசனை.

"ஏன் மூணு? இந்தப் பாட்டு பதினொண்ணுல போவுது, மூணு ஒட்டாதுலா" என்றான் கிட்டார்க்காரன்.

"தெரியல. மூணுதான் வேணும்."

"பைத்தியம்" என்று சொல்லிவிட்டு அவன் வாசித்தான்.

சிடி அச்சாகி வந்தபோது பெட்டியைப் பிரித்தேன். எனக்கு முதல் அதிர்ச்சி அங்கேதான். உள்ளே ஒரு சின்னப் புத்தகம், அதில் ஆறு பாட்டின் வரிகளும், அழகான தமிழ் எழுத்தில், ஒரு புள்ளி பிசகாமல்.

"யாரு ஒன்ன இத போடச் சொன்னா?" என்று நான் கத்திய கத்தலுக்கு மைக்கே தேவையில்லை.

"வெளிநாட்டுக்காரன் இந்த எழுத்தப் பாத்தா உசுர விடுவான்லா! இதுக்காகவே வாங்குவான்."

"ஊர்ல யாராச்சும் வாசிச்சா?"

"வாங்குறவனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிஞ்சவன் இத வாங்க மாட்டான். அப்புறம் என்னலா பயம் ஒனக்கு?"

நியாயமாகத்தான் இருந்தது. பெட்டியைக் காரின் பின்பெட்டியில் போட்டு மூடினேன். ஊருக்குப் போனபோது எடுத்து ஒளித்து வைக்க வேண்டும் என்று தோன்றாமல் போனதற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். சனிக்கிழமை அப்பா என் காரைக் கழுவுவார், அது அவர் வழக்கம். கழுவினார், பின்பெட்டியைத் திறந்தார், ஒரு சிடியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதான் ஒன் ஆல்பமா?"

"ஆமாப்பா."

"மொத மொதல்ல வந்ததா?"

"ஆமா."

"அப்ப இது ஒன் முதற்பலன். அடுத்த வாரம் அறுப்பின் பண்டிகை. சர்ச்சுல வச்சிருவோம்."

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் உழைப்பில் முதலில் வந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைக்க வேண்டும். வாழைத்தார், தேங்காய், அன்னாசி, கால் கட்டிய கோழி, டின் முறுக்கு. ஆராதனை முடிந்ததும் வெளியே கூடாரத்தில் எல்லாம் ஏலம் போகும். ஏலத்துக்கு முன்னால் கொண்டுவந்தவர் மைக்கில் இரண்டு வார்த்தை சாட்சி சொல்லலாம். ஆண்டவர் என் கொய்யா மரத்தைக் காத்தார், என் மகனுக்கு வேலை கொடுத்தார் என்கிற மாதிரி.

"ஐயோ அப்பா, அது சர்ச்சுல வைக்கிற பாட்டு இல்லப்பா!"

"ஆண்டவர் கேக்காத சத்தமா?" என்று சொல்லிவிட்டு அதைத் தன் அறைக்குக் கொண்டுபோனார். அவர் பிடித்தால் பிடித்ததுதான். சரி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத சிடி, மேலே படம் மட்டும்தான், யாரும் கேட்கமாட்டார்கள், கடைசியில் அப்பாவே ஐந்து வெள்ளிக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று நானும் விட்டுவிட்டேன்.

பண்டிகையன்று கூடாரத்தில் நல்ல கூட்டம். ஏலம் விடுகிறவர் சபைச் செயலாளர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர். கோழியைக்கூடச் சிரிக்க வைப்பார். நான் பின்வரிசையில். அத்தை நடுவில், பெண்கள் பக்கம். வாழைத்தார் போனது, முறுக்கு போனது, பிறகு என் சிடி மேலே எழுந்தது.

"என்னண்ணே இது, பாட்டுத்தட்டா? அண்ணன் மக பாடுனதாம். ஒரு பாட்டு போட்டுக் கேட்டுருவமா?"

கூட்டம் சிரித்தது. அப்பா வெள்ளைச் சட்டையோடு முன்னால் போய் நின்றார்.

"போட வேணாம். வாசிங்க. மடிச்சு வச்சிருக்கற பக்கத்த வாசிங்க."

அப்போதுதான் பார்த்தேன். உறை பிரித்திருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கம் மூலை மடிந்திருந்தது. அப்பா ஒரு வாரமாக அதை வாசித்திருக்கிறார்! எழுந்து ஓடிப் பிடுங்க வேண்டும் என்று மனது சொல்கிறது, உடம்பு நாற்காலியை விட்டு அசையவில்லை.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கண்ணாடியில் குனிந்த முதுகு. கையில் உதிரிப் பழம். ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக விழுந்தது. முதல் இரண்டு வரியில் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. சாராயம் என்கிற சொல் வந்ததும் அது போய்விட்டது. ஆனாலும் நிறுத்தத் தெரியவில்லை, கடைசிவரை வாசித்துவிட்டார். அந்தத் தோட்டத்திலிருந்து வந்த எல்லாருக்கும் அது எந்த லோரி, யாருடைய முதுகு என்று தெரிந்துவிட்டது.

அப்பா மைக்கை வாங்கினார்.

"இது என் மக எழுதுனது. உண்மை. அன்னிக்கி லோரிய ஓட்டுனது நான். பாக்காம பின்னால எடுத்தது நான். அவரு குடிக்கல. ஒரு சொட்டுகூடக் குடிக்கல. குடிச்சாருன்னு சொன்னது பொய். இத்தன வருஷமா செத்த மனுஷன் பேரு கெட்டுக் கெடந்துச்சு. இன்னிக்கி ஆண்டவர் முன்னால சொல்லிட்டேன்."

மைக்கை மேசையில் வைத்தார். யாரோ "அடப்பாவி!" என்றார்கள். சபைப் போதகரான ஐயர் எழுந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அத்தை தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக முன்னால் போய், செயலாளர் கையிலிருந்த சிடியை வாங்கி, ஒரு ஐந்து வெள்ளி நோட்டை மேசையில் வைத்துவிட்டு, கூடாரத்தை விட்டு வெளியே நடந்தார். அப்பாவின் கார் வாசலில் நின்றது, அதைத் தாண்டி வெயிலில் நடந்தே போனார்.

நான் உறைந்துபோயிருந்தேன், அது உண்மை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. என் பாட்டு ஒரு மனிதனை எழுப்பி நிறுத்தி உண்மையைச் சொல்ல வைத்துவிட்டதே! பிறகு சபையார் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா உட்கார்ந்த மேசையில் ஒருவரும் உட்காரவில்லை. அப்பாவோடு லோரியில் வேலை செய்த ஒரு பெரியவர், தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கமாகப் போய், "த்தூ" என்று காறித் துப்பிவிட்டு நகர்ந்தார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நானும் அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

சாப்பிட்ட கையோடு அத்தை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான், அதோடு ஒரு பாராட்டையும் எதிர்பார்த்துத்தான். கதவு திறந்திருந்தது. அத்தை சாப்பாட்டு மேசையில் அந்தச் சின்னப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"பாட்டு எழுதுற அளவுக்கு ஞாபகம் இருக்குது ஒனக்கு."

"மன்னிச்சிருங்கத்த. இது வெளிய வரும்னு நான்..."

"இந்தக் கண்ணாடி. எந்தப் பக்கத்துக் கண்ணாடி?"

"என்னத்த?"

"அவரு முதுகப் பாத்தேன்னு எழுதியிருக்கல்ல. எந்தப் பக்கக் கண்ணாடியில பாத்த?"

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். வட்டக் கண்ணாடி, ஓரத்தில் துரு, அதற்கு அப்பால் வாய்க்கால். "வலது பக்கம்" என்றேன்.

"எடது பக்கக் கண்ணாடி அந்த லோரியில கெடையாது. மரத்துல இடிச்சு எப்பவோ ஒடஞ்சு போச்சு, தோட்டத்துல மாத்தித் தரவே இல்ல. சரி, வலது பக்கம். எட்டிப் பாத்தியா?"

"இல்ல. எனக்கு நேரா இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. வலது பக்கத்து இருக்கை ஓட்டுகிறவருடையது. அந்தக் கண்ணாடி எனக்கு நேராக இருந்தது. அப்பா எங்கே? அப்பாவை அந்த லோரிக்குள் தேடினேன். அவர் சட்டையைத் தேடினேன், கையைத் தேடினேன். இல்லை. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் அவரை அங்கே தேடிப் பார்த்ததே இல்லை.

"ஒங்கப்பா கீழ எறங்கித் தண்ணி குடிச்சுட்டு இருந்தாரு" என்றார் அத்தை. "நான் எதிர்ப் பக்கம் உதிரி பொறுக்கிட்டு இருந்தேன். என் கண்ணால பாத்தேன். நீ அந்த சீட்டுல ஏறி நின்ன. ஹார்ன் அடிச்ச. மூணு தடவ அடிச்ச, நல்லா நீளமா. என் வீட்டுக்காரரு நிமிந்து பாத்து ஒனக்குக் கை காட்டிட்டு மறுபடி குனிஞ்சாரு. அப்புறம் பிரேக் கட்டையப் புடிச்சு ஆட்டுன. லோரி வந்துருச்சு."

மூன்று தடவை. நீளமாக. கிட்டாரில் அதைத்தான் நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாட்டுல என்ன எழுதியிருக்க? பொய் சொன்ன நாக்கா?" அத்தையின் விரல் அந்த வரியில் நின்றது. "நாக்கு என்னுது. குடிச்சிருந்தாருன்னு மண்டோர்கிட்ட சொன்னது ஒங்கப்பா இல்ல. நான். ஒங்கப்பா ஐயோ ஐயோன்னு தலைல அடிச்சுக்கிட்டு, பிரேக்கு சரியில்லன்னு சொல்லிர்றேன், என்னயப் புடிச்சுட்டுப் போகட்டும்னாரு. அவரும் உள்ள போய்ட்டா ஒங்கம்மா ஒத்தையில ஒன்ன எப்படிப் பாப்பாங்க? பிள்ளைய லோரியில விட்டுட்டு எறங்குனாருன்னு விசாரிப்பாங்க, ஒன்னயக் கேப்பாங்க. நீ உள்ளாற உக்காந்து என்னயப் பாத்துச் சிரிக்கிற. ஒனக்கு ஒண்ணுமே தெரியல. போன உசுரு போயிருச்சு. ஆறு வயசுப் பிள்ளைக்கி இது தெரியவே கூடாதுன்னு தோணுச்சு. வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

"அத்த..."

"அழாத. நான் அழுது முடிச்சுட்டேன்." அவர் குரல் ஏறியது. எனக்கு அவர் கோபம் அதுவரை தெரியாது. "அந்த மனுஷன் இன்னிக்கி என்னய ஒரு வார்த்த கேக்காம எந்திரிச்சு நின்னுட்டாரு. என் வீட்டுக்காரரு பேர மீட்டுட்டாராம். மீட்டு, தன் பேரக் கொண்டுபோய்க் குழியில போட்டுட்டாரு. ஒன் பாட்டுல இருக்கிற பொய்ய அப்படியே எடுத்துத் தன் தலைல ஊத்திக்கிட்டாரு. ஊரே காறித் துப்புது. அதுக்குத்தான் ஒனக்குச் சொல்றேன். இல்லாட்டி செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு ஆம்பளைங்க பேரு ஒனக்காகப் போயிருக்கு. நீயும் தெரிஞ்சுக்க."

நான் அவர் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார், அந்த வயதிலும் என்ன பலம்!

"ஒண்ணே ஒண்ணு. ஒனக்குத் தெரியும்னு ஒங்கப்பாவுக்குத் தெரியக் கூடாது. அவரு வேற எதையும் காப்பாத்திக்கல. இத மட்டும்தான் காப்பாத்தி வச்சிருக்காரு."

இரண்டு வீடு நடக்க எவ்வளவு நேரமாகிவிடும்? அன்று நான் தாமானை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்தேன். அப்பா கார் நிற்கிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"அத்த வீட்டுக்கா போன?"

"ஆமாப்பா."

"என்ன சொன்னாங்க?"

அந்தக் கண்ணை என்னால் மறக்க முடியாது. சபைக்கு முன்னால் மைக்கைப் பிடித்து நின்றபோது அந்த முகத்தில் துளி பயம் இல்லை. இப்போது பயந்துபோயிருந்தார். என் முகத்தில் எதையோ தேடினார். அது அங்கே இருந்துவிடக் கூடாதே என்று தேடினார்.

"ஒண்ணும் சொல்லலப்பா. அழுதாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லப்பா."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ தப்பா ஒண்ணும் செய்யலம்மா" என்றார். "பாட்டு நல்லா எழுதியிருக்க. அன்னிக்கி நடந்தது நடந்தபடியே இருக்கு."

"ஆமாப்பா" என்றேன்.